கணக்கும் தெளிவும்

ஆட்சியின்மேல் குடிகள் கொள்ளும் நம்பிக்கையே நாட்டின் நிலைபேற்றுக்கு அடிப்படை என்பது இந்நாளில் எல்லாரும் சொல்லும் கருத்து. அந்நம்பிக்கை எத்தகையது, எதனால் பிறக்கின்றது, எதனால் கெடுகின்றது என்று வினவினால் மட்டும் விடை எளிதில் கிடைப்பதில்லை. அன்பு, பற்று, அச்சம், பழக்கம், வேறு வழியின்மை ஆகிய பலவும் நம்பிக்கை என்னும் ஒரு பெயரின்கீழ் வந்து ஒதுங்குகின்றன. இவற்றைப் பிரித்துணரப் பழந்தமிழ் நூல்களும் கல்வெட்டுகளும் பெரிதும் துணை செய்வன. அவற்றுள் சிலவற்றைக்கொண்டு, சிறப்பாக உத்தரமேரூர்ச் சாசனங்களைக்கொண்டு, இப்பொருளை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் சொல்லை நோக்குவோம். இன்று நாம் வழங்கும் 'நம்பிக்கை' என்னும் சொல்லுக்கு அடியாகிய 'நம்பு' என்பது பழங்காலத்தில் இப்பொருளில் வழங்கவில்லை. நம்பு, மேவு என்னும் இரண்டும் நசையாகிய விருப்பத்தை உணர்த்தும் என்றே தொல்காப்பிய உரியியல் கூறுகின்றது. ஒருவன் சொல்லையும் செயலையும் ஐயமின்றி ஏற்றுக்கொள்ளும் மனநிலையைக் குறிக்கப் பழையோர் ஆண்ட சொற்கள் 'தெளிதல்', 'தேறுதல்' என்பனவாம். திருக்குறளில் 'தெரிந்து தெளிதல்' என ஓர் அதிகாரமே உண்டு. அதன் பத்துப் பாக்களுள் ஒன்றிலேனும் 'நம்புதல்' என்னும் சொல் வரவில்லை.

இது வெறும் சொல்லாட்சி வேறுபாடு அன்று. தெளிதல் என்பது கலங்கிய நீர் தெளிதல் போன்றது. கலங்கிய நீரைத் தெளிவிக்கத் தேற்றாங்கொட்டையைக் கலத்தின் உட்புறத்தில் இழைப்பது நம் நாட்டு வழக்கம். அக்கொட்டையின் பெயரே தேறுதலோடு தொடர்புடையது. கலக்கம் ஒன்று முன்னர் இருந்தது, அஃது ஒரு முயற்சியால் அடங்கிற்று என்னும் குறிப்பு இச்சொற்களில் உண்டு. விருப்பத்தால் விளைவது நம்புதல். ஆராய்ச்சியால் விளைவது தெளிதல். 'தேர்தல்' என்னும் சொல்லுக்கும் ஆராய்தல் என்பதே பழம்பொருள். வாக்களித்து ஆளைத் தெரிவு செய்யும் நிகழ்ச்சிக்கு இன்று நாம் இப்பெயரையே வழங்குகிறோம். பெயர் பொருத்தமானதே, நிகழ்ச்சி பெயருக்குப் பொருந்துகின்றதா என்பது வேறு வினா.

வள்ளுவர் கூறும் முறையைச் சிறிது விரித்துக் காண்போம். அறம், பொருள், இன்பம், உயிரச்சம் என்னும் நான்கு வகையாலும் ஆராய்ந்த பின்னரே ஒருவனை வினைக்கு உரியவனாகத் தெளிதல் வேண்டும் என்பர் அவர். குற்றமே இல்லாதவன் கிடைப்பான் என்று அவர் கருதவில்லை. அரிய நூல்களைக் கற்றுக் குற்றமற்றார் எனப் பெயர் பெற்றோரிடத்தும் நுணுகி நோக்கினால் அறியாமை அறவே இல்லாதிருத்தல் அரிது என்கிறார். ஆகலின் குணத்தையும் குற்றத்தையும் தனித்தனியே நாடி, மிகுந்தது எது எனக் கண்டு, அதனால் கொள்க என்பது அவர் காட்டும் வழி. பெருமை சிறுமைகளை அறிவதற்கு ஒருவன் செய்த செயலே உரைகல் என்பதும் ஈண்டு வருகின்றது. அன்பு காரணமாக அறியாதவனைத் தெளிதல் எல்லாப் பேதைமையையும் தரும் என்பது, உறவினர்க்கும் அணுக்கர்க்கும் பதவி வழங்குவோர் எக்காலத்தும் கேட்கத் தக்கது. ஆராயாமல் தெளிவதும், தெளிந்த பின்னர் ஐயுறுவதும் தீராத துன்பம் தரும் என்று அதிகாரத்தை முடிக்கின்றார்.

இவ்வளவும் அரசன் தன் வினைசெய்வாரைத் தெளியும் திறம் பற்றியன என்பதை நாம் மறத்தலாகாது. குடிகள் அரசனைத் தெளியும் திறம் எங்கே கூறப்படுகின்றது? தனி அதிகாரம் அதற்கு இல்லை. செங்கோன்மை, கொடுங்கோன்மை, வெருவந்த செய்யாமை ஆகிய அதிகாரங்களில் அதன் சாயல் உண்டு. அல்லற்பட்டு ஆற்றாது குடிகள் அழுத கண்ணீரே அரசனது செல்வத்தைத் தேய்க்கும் படை என்பது வள்ளுவர் கருத்து. ஆயினும் கண்ணீர் ஒரு விளைவேயன்றி முறைமை ஆகாது. 'நாடு' என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறள் இன்னும் நெருங்கி வருகின்றது. நாட்டுக்கு வேண்டிய நலங்கள் யாவும் அமைந்திருந்தாலும் வேந்தனோடு அமைவு இல்லையேல் அவற்றால் பயனில்லை என்பது அதன் கருத்து. அவ்வமைவு என்பதனுள், குடிகள் அரசன்மாட்டு அன்புடையராதலும் அரசன் குடிகள்மாட்டு அருளுடையனாதலும் ஆகிய இரண்டும் அடங்கும் எனப் பரிமேலழகர் நுண்ணிதின் உரைத்தார். நம்பிக்கை ஒருபாற் பொருள் அன்று, இருபாற் பொருள் என்பதை இதனினும் சுருங்கச் சொல்லல் அரிது.

சங்கப் புலவர்கள் குடிகளின் சார்பில் அரசனிடம் நேரே பேசினர். வரி மிகக் கொண்ட பாண்டியன் அறிவுடை நம்பிக்குப் பிசிராந்தையார் யானையையும் நெல்வயலையும் காட்டி அறிவுறுத்திய புறப்பாட்டு (184) யாவரும் அறிந்தது. விளைந்த நெல்லை அறுத்துக் கவளமாக்கிக் கொடுத்தால் சிறு நிலத்து விளைவும் யானைக்குப் பல நாளைக்கு ஆகும். யானை தானே வயலிற் புகுந்தால், அதன் வாயிற் புகுவதைக்காட்டிலும் காலால் அழிவது மிகுதி. இவ்வுவமையில் வரியின் அளவைவிட வரி கொள்ளும் முறையே பெரிதாகப் பேசப்படுகின்றது என்பது உற்றுநோக்கத் தக்கது. முறை தெரிந்தால் குடி கொடுக்கும். முறை தெரியாதவிடத்துக் கொடுத்தது சிறிதாயினும் பறிகொடுத்ததாகவே அதற்குத் தோன்றும். சோழன் கிள்ளிவளவனிடம் வெள்ளைக்குடி நாகனார் நிலவரியின்பொருட்டுப் பாடி, அதனை நீக்கப் பெற்றமையையும் (புறம் 35) உடன் எண்ணலாம். ஆயினும் இவை ஒரு புலவரது நாவன்மையையும் ஒரு மன்னனது செவிப்பண்பையும் சார்ந்து நின்றன. புலவர் இல்லாத ஊருக்கு என்ன வழி?

இவ்வினாவுக்கு ஓரளவு விடையாக அமைவன கல்வெட்டுகள். தொண்டை நாட்டில், இன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்தில் உள்ள உத்தரமேரூர், பல்லவர் காலம் முதற்கொண்டு சதுர்வேதிமங்கலமாக விளங்கிய ஊர். அங்குள்ள வைகுந்தப்பெருமாள் கோயிற் சுவரில் முதற் பராந்தக சோழனுடைய 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளில் பொறிக்கப்பெற்ற இரு சாசனங்கள் உள்ளன. இவை முறையே கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளைச் சார்ந்தனவாகக் கொள்ளப்படுகின்றன. இவற்றை அறிஞர் வெங்கையா ஆராய்ந்து, தொல்பொருள் துறையின் 1904–05ஆம் ஆண்டறிக்கையில் வெளியிட்டார். பின்னர் நீலகண்ட சாஸ்திரியார் விரிவாக ஆராய்ந்தார். ஊர்ச்சபையின் வாரியங்களுக்கு ஆள் தெரிவு செய்யும் முறையை இச்சாசனங்கள் விதிக்கின்றன. மன்னன் ஆணையோடு வந்த அதிகாரி ஒருவன் உடனிருக்க, சபை கூடி இவ்விதிகளை அமைத்தது.

ஊர் முப்பது குடும்புகளாகப் பகுக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையோர் பெயர்களைத் தனித்தனி ஓலைகளில் எழுதி, கட்டாகக் கட்டி, இன்ன குடும்பின் கட்டு என்பதற்கு வாயோலை பூட்டிக் குடத்தில் இடுவர். இளையோரும் முதியோரும் உட்பட மகாசபை நிறைவாகக் கூடியிருக்கும். கோயில் நம்பிமாருள் மூத்தவர் ஒருவர் குடத்தை எல்லாரும் காண மேலே எடுத்து நிற்பர். உள்ளே இருப்பது இன்னது என்று அறியாத சிறுவன் ஒருவனைக்கொண்டு ஒரு கட்டை எடுப்பித்து, வேறொரு குடத்தில் இட்டுக் குலைத்து, அதிலிருந்து ஓர் ஓலையை அவனையே எடுக்கச் செய்வர். அவ்வோலையை வாங்கும் மத்தியஸ்தன் ஐந்து விரலும் அகல விரித்த உள்ளங்கையில் அதனை ஏற்றல் வேண்டும். அவன் வாசித்த பின்னர் அங்குள்ள நம்பிமார் அனைவரும் அதனை வாசிப்பர். அதன் பின்னரே பெயர் ஏற்கப்படும். விரலை விரிக்கச் சொன்னது ஏன் என விளக்கவும் வேண்டுமோ? மடக்கிய விரலிடுக்கில் வேறோர் ஓலை ஒளிந்திருந்த வரலாறு எங்கோ ஒன்று இருந்திருக்கும் போலும்.

குடத்தில் ஓலை இட்டு எடுக்கும் வழக்கம் சோழர் புதிதாகப் படைத்தது அன்று. அகநானூற்றின் 77ஆம் பாட்டில் மருதன் இளநாகனார் இதனைப் பாலை நிலத்துக் கொடுங்காட்சி ஒன்றுக்கு உவமையாக்கினார். வீழ்ந்தோரின் குடரைக் கழுகு பற்றி இழுப்பது, கயிற்றால் பிணித்த குடத்தின் மேலிட்ட பொறியை ஆராய்ந்து நீக்கி உள்ளிருக்கும் ஓலையை எடுப்பது போன்றது என்கிறார். உவமை கொடிது, ஆயினும் அதற்குள் ஓர் ஆட்சி முறையின் சிறு ஓவியம் அடங்கிக் கிடக்கின்றது. பொறி சிதையாமல் இருந்ததா என்று முதலில் பார்க்கும் கண்ணையே நாம் ஈண்டுக் கருதுகிறோம்.

முப்பது குடும்பிலிருந்தும் தெரிவு பெற்ற முப்பதின்மருள், முன்னர்த் தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் செய்து, கல்வியாலும் வயதாலும் முதிர்ந்த பன்னிருவர் சம்வத்சர வாரியத்தார் ஆவர். அடுத்த பன்னிருவர் தோட்ட வாரியத்தார். எஞ்சிய அறுவர் ஏரி வாரியத்தார். பொன் வாரியத்துக்கும் பஞ்சவார வாரியத்துக்கும் தனியே ஓலை எடுத்தனர். பதவிக் காலம் 360 நாள். இடையில் குற்றம் கண்டால் அப்போதே விலக்கப்படுவர்.

தகுதி பற்றிய விதிகளும் தெளிவானவை. கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலம் உடைமை, தன் மனையில் வீடு கட்டிக் குடியிருத்தல், வேதக் கல்வி, காரியத்தில் தேர்ச்சி, நேர்மையாக ஈட்டிய பொருள், தூய ஒழுக்கம் என்பன வேண்டப்பட்டன. முதற் சாசனம் முப்பதுக்கு மேல் அறுபதுக்கு உட்பட்ட வயதை வேண்டிற்று. இரண்டாவது அதனை முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்கு உட்பட்டதாக மாற்றிற்று. மூன்றாண்டுக்குள் வாரியம் செய்தவர் மீண்டும் வருதல் கூடாது. இரண்டே ஆண்டில் விதிகளை எடுத்துத் திருத்த வேண்டி வந்தது என்பதே பொருள் பொதிந்த செய்தி. முதல் விதி போதவில்லை என்பதைச் சபை கண்டது. கண்டதை மறைக்காமல் திருத்தத்தையும் அதே சுவரில் பொறித்தது.

உத்தரமேரூர் என்றதும் குடவோலையையே எல்லாரும் புகழ்கின்றனர். 2020 டிசம்பரில் தில்லியில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டிய விழாவிலும் இவ்வூர் பேசப்பட்டது. எம் கருத்தில், இச்சாசனத்தின் உயிர்நாடி குடத்தில் இல்லை, கணக்கில் உள்ளது. எந்த வாரியத்தில் இருந்தவராயினும் கணக்குக் காட்டாது இருந்தவர் பெயர் ஓலையில் எழுதப்பெறாது என இரண்டாம் சாசனம் விதிக்கின்றது. அவ்வளவில் நிற்கவில்லை. அவருடைய தந்தை, மகன், உடன்பிறந்தார், தாயோடு உடன்பிறந்த மாமன், தந்தையோடு உடன்பிறந்தார், சிற்றன்னை பேரன்னை மக்கள், அத்தை மக்கள், மாமனார், மனைவியின் உடன்பிறந்தான், உடன்பிறந்தாளின் கணவன், அவள் மக்கள், மருமகன் என நீண்டதொரு பட்டியலில் அடங்கும் அனைவரும் விலக்கப்படுகின்றனர். கையூட்டு முதலிய குற்றங்களை மெய்ப்பித்தல் கடினம். கணக்குக் காட்டாமையை மெய்ப்பிக்கச் சான்று வேண்டா. அச்சபை பிடித்த பிடி அத்தகையது.

உறவினரையும் சேர்த்து விலக்குவது இன்றைய நீதியுணர்வுக்குக் கொடுமையாகத் தோன்றலாம். அக்காலத்து நோக்கு வேறு. சுற்றமற்றவரைத் தெளிதலைத் தவிர்க என்றும், அவர்க்குப் பற்றில்லை, பழிக்கு நாணார் என்றும் தெரிந்து தெளிதல் அதிகாரத்தில் வள்ளுவர் கூறுவதை இதனோடு ஒப்பிடுக. சுற்றமே ஒருவனுக்குப் பிணையாக நின்றது. ஒருவன் கணக்கை மறைத்தால் அவன் மைத்துனனும் மருமகனும் அவனை வீட்டிலேயே கேட்பர். இதே எண்ணம் கடுமையாகத் திரிந்த இடமும் உண்டு. ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளின் உடைமை பற்றி முதல் இராசராசனது இரண்டாம் ஆட்சியாண்டில் எழுந்த உடையார்குடிச் சாசனம், அவர்தம் உறவினர் பலருடைய உடைமையையும் அவ்வாணைக்கு உட்படுத்துகின்றது. பிணை தண்டனையாவதற்கு நெடுந்தூரம் இல்லை.

கணக்கர்க்கும் விதி உண்டு. நேர்மையாகப் பொருள் ஈட்டியவனே கணக்கு எழுதலாம். தான் எழுதிய கணக்கைப் பெருமக்களிடம் தானே காட்டித் தூயவன் எனத் தேர்ந்த பின்னரே மற்றொரு கணக்கில் அவன் புகலாம். அவன் கணக்கை வேறொருவன் காட்டுதல் ஆகாது. பொன் வாரியம், பஞ்சவாரம் ஆகியவற்றுக்குக் கழுதை ஏற்றப்பெற்றோரும் பொய்யாவணம் எழுதினோரும் ஆகார். இவ்வூரிலேயே பொன்னின் மாற்றுக் காண்போரைப் பற்றிய வேறொரு சாசனமும் உண்டு; உரைகல்லில் ஒட்டிய பொன்துகளை எடுத்த மெழுகையும் அவர்கள் ஏரி வாரியத்தாரிடம் ஒப்படைத்தல் வேண்டும் என்கின்றது. செயலே உரைகல் என்றார் வள்ளுவர். உரைகல்லுக்கே காவல் வைத்தது இச்சபை.

இத்தனை கட்டுப்பாடு எதற்கு? ஊர்ச்சபைகள் அக்காலத்தில் அறநிலைப் பொருளைக் காக்கும் இடங்களாகவும் விளங்கின. கோயிலில் நந்தா விளக்கு எரிக்கவும், ஏரியில் தூர் எடுக்கவும், வேதம் ஓதவும், உணவு வழங்கவும் பொன்னும் நிலமும் சபையினிடம் ஒப்படைக்கப்பட்டன. பொன்னைப் பெற்ற சபை, சந்திர சூரியர் உள்ளவரை அதன் பொலிசையைக்கொண்டு அறத்தை நடத்துவதாக எழுதிக் கொடுக்கும். விளக்குக்கு விடப்பட்ட ஆடுகள், பெரும்பாலும் 90 அல்லது 96, 'சாவா மூவாப் பேராடு' எனப்பட்டன. ஆடு சாகும், மூக்கும். ஆயினும் இறந்ததற்கு ஈடாக மற்றொன்றை வைத்து எண்ணிக்கை குறையாது காப்பது பொறுப்பேற்றவர் கடன் ஆதலின், கணக்கில் உள்ள ஆட்டுக்குச் சாவும் இல்லை, மூப்பும் இல்லை. அறக்கட்டளை என்னும் கருத்துக்கு இதனினும் அழகிய சொல் பிற மொழிகளில் உளதோ என ஐயுறுகிறோம். தன் காலத்துக்குப் பின்னும் தான் காணாத மக்கள் இதனை நடத்துவர் என்று ஒருவன் பொன்னைக் கொடுக்கின்றான். அவன் தெளிந்தது தனிமனிதர் எவரையும் அன்று. ஆண்டுதோறும் ஆள் மாறியும் கணக்கு மாறாத ஓர் அமைப்பை.

ஏதென்சு நகரத்திலும் இதனை ஒத்த முறை இருந்தது. ஐந்நூற்றுவர் பேரவையினர் முப்பது வயதுக்கு மேற்பட்டோரிலிருந்து திருவுளச்சீட்டால் தெரிவு பெற்றனர். பதவி முடிந்தோர் கணக்கை ஒப்புவித்துத் தேறும்வரை நாட்டைவிட்டு நீங்குதலும் கூடாது. இரண்டுக்கும் தொடர்பு கற்பிக்க வேண்டா. மனிதர் மனிதரை ஆளும் இடங்களில் ஒரே நோய்க்கு ஒரே மருந்து தனித்தனியே காணப்பட்டது எனக் கொள்வதே தகும்.

இனி, இச்சாசனங்களைக் குடியாட்சியின் முழு வடிவமாகப் போற்றுவோர் கூற்றை ஒப்புதல் இயலாது. இது பிராமணர்க்கு வழங்கப்பட்ட பிரமதேயம். நிலமும் வேதக் கல்வியும் உடைய ஆடவர்க்கே ஓலையில் இடமுண்டு. வயலில் உழுதோரும் ஏரியில் மண் சுமந்தோரும் பெண்டிரும் இக்குடத்துக்குப் புறம்பே நின்றனர். தீண்டத்தகாதோரோடு பழகியோரை விலக்கும் விதியும் அதே பட்டியலில் இருப்பதை மறைத்துப் பயனில்லை. திருநெல்வேலிப் பகுதியில் உள்ள மானூரில், ஏறத்தாழ கி.பி. 800இல் பாண்டியன் மாறஞ்சடையன் காலத்தில் எழுந்த சாசனமும் சபையில் பங்கு பெறுவோரை நிலமும் கல்வியும் கொண்டே வரையறுத்தது. எப்பொருளைக் கொணர்ந்தாலும் 'அன்று அன்று' என மறுப்பதையே தொழிலாகக் கொண்டோர்க்கு ஐந்து காசு தண்டம் விதித்ததும் அதுவே. வீணே தடுப்போரைத் தண்டித்தது நன்று. மெய்யான மறுப்பும் அதில் சிக்கியிருக்குமா என்பதைச் சாசனம் சொல்லவில்லை.

ஆக, உத்தரமேரூர்ச் சபையின் தெளிவு உள்வட்டத்தார் ஒருவரையொருவர் தெளிந்த தெளிவு. ஒருவரையொருவர் எளிதில் நம்பாமையை அவர்கள் விதியாக்கினர். அவ்விதியே அவர்களுக்குள் நம்பிக்கையாயிற்று. வட்டத்துக்கு வெளியே நின்றோர்க்கு அவ்விதி எவ்வுரிமையும் தரவில்லை. இக்குறை நீங்கப் பல நூற்றாண்டு சென்றது. 1992இல் நிறைவேறி 1993 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 73ஆம் திருத்தம் ஊராட்சிகளில் பட்டியல் வகுப்பினர்க்கும் பழங்குடியினர்க்கும் பெண்டிர்க்கும் இடம் ஒதுக்கிற்று. தமிழ்நாட்டில் 2016ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் பெண்டிர்க்குரிய பங்கைப் பாதியாக உயர்த்திற்று. 2005ஆம் ஆண்டுத் தகவல் பெறும் உரிமைச் சட்டம், கணக்கைக் கேட்கும் உரிமையைப் பெருமக்களிடமிருந்து எடுத்துக் குடிமக்கள் யாவர்க்கும் வழங்கிற்று. வட்டம் விரிந்துள்ளது. ஆயினும் கணக்குக் காட்டாதவன் பெயர் ஓலையில் எழுதப்பெறாது என்ற பழைய விதியின் கடுமை, விரிந்த வட்டத்தில் எவ்வளவு எஞ்சியுள்ளது என்பதைக் கிராம சபைக் கூட்டங்களுக்குச் சென்று வந்தோர் அறிவர்.

விதிகள் கல்லில் பொறிக்கப்பெற்றமையால் ஆயிரத்து நூறு ஆண்டு கடந்தும் நமக்குக் கிடைத்தன. வாரியத்தார் காட்டிய கணக்குகளோ ஓலையில் எழுதப்பெற்றவை, அவை அழிந்துபோயின. சபை தன் விதிப்படி நடந்ததா என்பதை இன்று நேரே அறிதற்கு வழியில்லை. பின்வந்த அரசர் காலத்திலும் அவ்வூர்க் கோயில்களின் சுவர்களில் அறக்கொடைகள் தொடர்ந்து பொறிக்கப்பெற்று வந்தமையைக்கொண்டு ஒருவாறு உய்த்துணரலாம்.